ஓட்டுப் போட பிளாக்செயின் வேண்டுமா? ஒரு சங்கத் தேர்தலுக்காக ஒப்பிட்டுப் பார்த்தது

எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு இந்த வருடம் நிர்வாகிகள் தேர்தல். உறுப்பினர்கள் சுமார் 3,000 பேர். பாதிப் பேர் சென்னை, பெங்களூரு. மீதிப் பேர் துபாய், சிங்கப்பூர், இன்னும் எங்கெங்கோ. நேரில் வந்து ஓட்டுப் போடுங்கள் என்றால் 200 பேர் வந்தாலே பெரிது. "ஆன்லைன்ல வச்சிடலாம் சார். பிளாக்செயின்ல பண்ணிட்டா யாரும் கை வைக்க முடியாது" என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கணினித் துறையில் பாடம் எடுப்பவன். அரசுக் கல்லூரி வேலை என்பதால் நான்கு பொதுத்தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு மாதத்தில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிளாக்செயின் ஓட்டு எனக்குப் புதிதில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்ட் பட்டியலில் அது இல்லாத வருடமே கிடையாது. போன வருடம் ஒரு குழு எத்தீரியம் என்ற பிளாக்செயினை வைத்து நன்றாகவே செய்திருந்தது. ஆய்வகத்தில் 12 பேரை ஒவ்வொருவராக வரவழைத்து ஓட்டுப் போட வைத்தார்கள். எண்ணிக்கை சரியாக வந்தது, எல்லாரும் கை தட்டினார்கள். நான் ஒரு தாளில், யார் எத்தனை மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தார் என்பதை மட்டும் குறித்து வைத்திருந்தேன். பிறகு சங்கிலியில் பதிவானதைத் திறந்து காட்டச் சொன்னேன். ஒவ்வொரு பதிவிலும் நேரம் இருந்தது. கூடவே ஒரு நீண்ட எண்வரிசை. முதலில் சில எழுத்துகள், அப்புறம் வரிசையாகப் பூஜ்ஜியம், கடைசியில் ஒரே ஒரு இலக்கம். 1, 2 அல்லது 3. அதுதான் வேட்பாளர் எண். ஐந்து நிமிடத்தில் 12 பேரும் யாருக்குப் போட்டார்கள் என்று துண்டுச் சீட்டுகளில் எழுதி, மடித்து, அவரவர் கையில் கொடுத்தேன். ஆய்வகமே அமைதியாகிவிட்டது. ஒரு மாணவி மட்டும் கிட்ட வந்து, "சார், இதை வேற யார்கிட்டயும் காட்டிடாதீங்க" என்றாள்.

அந்தக் குழு திறமையில் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கையில் எடுத்த கருவி அப்படிப்பட்டது. பிளாக்செயின் பணக் கணக்குக்காகப் பிறந்தது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும், ஒருவரும் பின்னால் வந்து அழிக்கக் கூடாது. அதற்காக ஒவ்வொரு கட்டப் பதிவிலும் அதற்கு முந்தைய கட்டத்தின் ஹேஷை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற ஒரு குறியீட்டை, கோத்து வைக்கிறார்கள். நடுவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பிறகு உள்ள எல்லா ஹேஷும் பொருந்தாமல் போய்விடும். கணக்குப் புத்தகத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு சொல்ல முடியாது. ஓட்டுக்கு இது பாதிதான். எண்ணிக்கை சரி என்று எல்லாரும் சோதித்துப் பார்க்க முடிய வேண்டும். ஆனால் யார் யாருக்குப் போட்டார் என்பது ஒருவருக்கும் தெரியக் கூடாது. இன்னும் ஒரு படி மேலே போனால், நானே ஆசைப்பட்டாலும் "இன்னாருக்குத்தான் போட்டேன், பார்" என்று ஆதாரம் காட்ட முடியக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையை வெளிநாட்டுப் பாடப்புத்தகங்கள் ஒரு பத்தியில் சொல்லிவிட்டுப் போகும். தமிழ்நாட்டுக்காரருக்கு அதை விளக்கவே வேண்டாம். 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணப் பட்டுவாடா காரணமாக வாக்குப்பதிவே ரத்தானது. இத்தனை நடந்தும் ஒரு வாக்காளரால் "அண்ணன் கிட்ட வாங்கினேன், ஆனா மனசுக்குப் பட்டவருக்குத்தான் போட்டேன்" என்று சொல்ல முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அந்த அட்டை மறைப்பு. பணம் கொடுத்தவர் அதற்கு அந்தப் பக்கம் வர முடியாது. ஓட்டு போனுக்கு வந்துவிட்டால் அவர் சோபாவில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம். எந்த வழியை எடுத்தாலும் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதலாவது, யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய எத்தீரியம் போன்ற திறந்த சங்கிலி. இதை நான் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். தமிழ்நாட்டில் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்காளர்கள் 6 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். அதில் 4 கோடிக்கு மேற்பட்டோர் காலை 7 முதல் மாலை 6 வரை, 11 மணி நேரத்தில் போடுகிறார்கள். கணக்குப் போட்டால் விநாடிக்கு ஆயிரம் ஓட்டைத் தாண்டும். எத்தீரியத்தின் அடித்தளச் சங்கிலி விநாடிக்குச் சில பத்துப் பரிவர்த்தனை அளவில்தான் பழகியது. மொத்தமாகச் சேர்த்துப் பதிவது போன்ற சுற்றுவழிகள் இருக்கின்றன. எங்கள் 3,000 பேருக்கு வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. என்னைத் தடுத்தது வேறு. ஓட்டைப் பூட்டி, குறியாக்கம் செய்து சங்கிலியில் போட்டாலும் அது அங்கே என்றென்றைக்கும் கிடக்கும். இன்றைய பூட்டை இன்னும் 20 வருடத்தில் ஒரு புதிய கணினி திறந்துவிட்டால் அன்றைக்கு எல்லாருடைய ஓட்டும் வெளியில். அழிக்க முடியாது என்பதைத்தானே பெருமையாகச் சொல்கிறோம், அதுவே இங்கே ஆபத்தாகிறது.

இரண்டாவது, அனுமதி பெற்றவர்கள் மட்டும் நடத்தும் சங்கிலி. ஹைப்பர்லெட்ஜர் மாதிரி. அரசுகள் பெரும்பாலும் இதைத்தான் பிளாக்செயின் ஓட்டு என்கின்றன. ஐந்து நோட், அதாவது சங்கிலியின் நகலை வைத்திருக்கும் கணினிகள், இருக்கும், ஐந்தும் ஒன்றையொன்று சரிபார்க்கும். நல்லதுதான். அந்த ஐந்தையும் யார் வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஐந்தும் ஒரே அலுவலகத்தின் கையில், ஒரே நிர்வாகியின் கடவுச்சொல்லில் இருந்தால் அது சாதாரண தரவுத்தளம்தான், பெயர் மட்டும் பெரிது. எதிரெதிர் அணிகள் ஆளுக்கொரு நோட் வைத்துக்கொண்டால் அர்த்தம் உண்டு. எங்கள் சங்கத்தில் இரண்டு அணிகளுக்கும் சர்வர் பராமரிக்கத் தெரியாது, தெரிந்த பையன்களிடம் கொடுப்பார்கள். கடைசியில் எல்லாம் என் மாணவர்களிடமே வந்து நிற்கும்.

உலகத்தில் செய்து பார்த்த கதைகளையும் தேடிப் படித்தேன். 2018இல் அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாவில் வெளிநாட்டில் இருந்த 144 வாக்காளர்கள் வோட்ஸ் என்ற செயலி வழியாக ஓட்டுப் போட்டார்கள். பிளாக்செயின் பாதுகாப்பு என்று விளம்பரம். 2020 பிப்ரவரியில் எம்ஐடி ஆய்வாளர்கள் மூவர் அந்தச் செயலியைப் பிரித்துப் பார்த்தார்கள். போனைக் கைப்பற்றியவன் ஓட்டை மாற்றலாம், சர்வரைக் கைப்பற்றியவன் மாற்றலாம், இணைய வழியில் போகும் தரவுப் பொட்டலத்தின் நீளத்தை வைத்தே யாருக்குப் போட்டார் என்று ஊகிக்கலாம் என்று காட்டினார்கள். செயலி எந்தப் பிளாக்செயினோடும் நேரடியாகப் பேசுவதற்கான அடையாளமே அவர்கள் கண்ணில் படவில்லை. அதற்குப் பிறகு மேற்கு வெர்ஜீனியா அதைக் கைவிட்டது. 2019இல் மாஸ்கோ நகர மன்றத் தேர்தலுக்கு முன், சோதனைக்கு வைத்திருந்த பிளாக்செயின் ஓட்டு அமைப்பின் குறியாக்கச் சாவிகள் மிகச் சின்னவை என்று பியரிக் கோட்ரி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கண்டுபிடித்தார். சாதாரணக் கணினியில் சுமார் 20 நிமிடத்தில் உடைந்தன. சியரா லியோனில் 2018இல் உலகின் முதல் பிளாக்செயின் தேர்தல் நடந்ததாகச் செய்தி பரவியது. அந்த நாட்டின் தேர்தல் ஆணையமே அதை மறுத்தது. நடந்தது காகித ஓட்டு. ஒரு நிறுவனம் பார்வையாளராக நின்று சில வாக்குச்சாவடிகளின் எண்ணிக்கையைத் தன் சங்கிலியில் குறித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

மேற்கு வெர்ஜீனியா, மாஸ்கோ இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். உடைந்தது சங்கிலி இல்லை. ஓட்டு சங்கிலிக்கு வந்து சேருவதற்கு முன்பே, போனிலும் சர்வரிலும் சாவியிலும்தான் பொத்தல். நான் 2ஐ அழுத்த, போனில் ஒளிந்திருக்கும் நிரல் 3 என்று அனுப்பினால், பிளாக்செயின் அந்தப் பொய்யான 3ஐ ஒருவராலும் மாற்ற முடியாதபடி பத்திரமாகக் காப்பாற்றி வைக்கும்.

நம் நாட்டிலும் முயற்சிகள் உண்டு. 2020 ஆகஸ்டில் தேர்தல் ஆணையம், தமிழ்நாடு மின்னாளுமை முகமை, சென்னை ஐஐடி மூன்றும் சேர்ந்து தொலைவிலிருந்து வாக்களிப்பதில் பிளாக்செயினைப் பயன்படுத்துவது பற்றி இணையவழிக் கருத்தரங்கு நடத்தின. 2021 அக்டோபரில் தெலங்கானாவின் கம்மத்தில் போன் செயலியில் ஒத்திகை நடந்தது. 2025 ஜூனில் பீகார் உள்ளாட்சித் தேர்தலில் கர்ப்பிணிகள், முதியோர், வெளியூரில் வேலை பார்ப்போர் ஆகியோருக்குப் போனில் ஓட்டுப் போட உண்மையாகவே வாய்ப்பு கொடுத்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீகார்க்காரர்கள் எவ்வளவு பேர் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்த யாருக்கும் இந்தத் தேவை புரியும். ஓட்டுக்காக ரயில் ஏறினால் ஒரு வாரச் சம்பளம் போய்விடும். தேவையை நான் மறுக்கவில்லை. ஒரு மொபைல் எண்ணில் இரண்டு வாக்காளர்கள் வரை பதிவு செய்யலாம் என்று வைத்திருந்தார்கள். வீட்டில் ஒரே போன்தான் இருக்கிறது என்றால் அது யார் சட்டைப்பையில் இருக்கும்? வீட்டுப் பெண்ணின் ஓட்டு அவள் ஓட்டாக இருக்குமா? முக அடையாளம் சரிபார்ப்பதால் ஆளை உறுதி செய்யலாம். அந்த ஆளுக்குப் பின்னால் நிற்பவரைக் கேமரா பார்ப்பதில்லை.

இதே வெளியூர்த் தொழிலாளர் பிரச்சினைக்குத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் வேறொரு யோசனை வைத்தது. ஒரே சாவடியில் 72 தொகுதிகள் வரை கையாளும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம். இணையம் கிடையாது. திருப்பூரிலேயே ஒரு சாவடி, அங்கேயும் மறைப்பு, அங்கேயும் ஏஜென்ட்கள். கட்சிகள் ஒத்துக்கொள்ளாததால் அது நின்றுபோனது. 72 தொகுதிக்கும் ஏஜென்ட் உட்கார வைக்க முடியாத சின்னக் கட்சிகளின் கவலை நியாயமானது. ஆனாலும் போன் செயலியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பேசித் தீர்க்கத் தகுந்தது இந்த யோசனைதான் என்பது என் எண்ணம்.

மூன்றாவது வழி எஸ்தோனியா. 2005இலிருந்து இணையத்தில் ஓட்டுப் போடுகிறார்கள். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பதிவான ஓட்டுகளில் பாதிக்கு மேல் இணையம் வழியாக வந்தவை. அவர்களுடைய ஓட்டு பிளாக்செயினில் ஓடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அங்கே எல்லாவற்றையும் தாங்குவது அடையாள அட்டை. அதில் சிப், இரண்டு பின் எண்கள்; ஒன்று நீங்கள்தான் என்று காட்ட, மற்றொன்று கையெழுத்துப் போட. ஓட்டுப் போட்டதும் திரையில் ஒரு கியூஆர் வரும். வேறொரு போனில் அதைப் பிடித்தால் உள்ளே போன ஓட்டு சரிதானா என்று பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது, திரும்பப் போடலாம் என்பது. யாராவது பக்கத்தில் நின்று மிரட்டினால் அவர் சொன்னபடி போட்டுவிட்டு, அவர் போன பிறகு மறுபடி போடலாம். கடைசியாகப் போட்டதுதான் கணக்கில் வரும். சாவடிக்குப் போய்க் காகிதத்தில் போட்டால் இணைய ஓட்டு தள்ளுபடி. மிரட்டுபவர் அட்டையையே பிடுங்கி வைத்துக்கொண்டால் இது உதவாது. எஸ்தோனியாவில் மொத்த மக்களே 13 லட்சம் சொச்சம். அந்த அட்டையை அவர்கள் வங்கிக்கும் மருந்துக்கும் தினமும் பயன்படுத்துவதால் யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். நம்மூரில் ஏடிஎம் கார்டோடு பின் எண்ணையும் எழுதிக் கொடுத்து அனுப்பும் வீடுகள் எனக்குத் தெரியும்.

நான்காவது, ஹீலியோஸ் வகை. பென் அடிடா என்பவர் 2008இல் வெளியிட்ட திறந்த நிரல். இதில்தான் என் நேரம் அதிகம் போனது. உங்கள் உலாவியிலேயே ஓட்டு பூட்டப்பட்டு, ஒரு அடையாள எண்ணோடு எல்லாரும் பார்க்கும் பலகையில் ஒட்டப்படும். உங்கள் எண் பலகையில் இருக்கிறதா என்று நீங்கள் போய்ப் பார்க்கலாம். எண்ணும்போது ஒரு ஓட்டைக்கூடத் தனியாகத் திறப்பதில்லை. ஒரே மாதிரிக் காசு போட்ட உண்டியல்களை உடைக்காமல் மொத்தமாக எடை போட்டு எத்தனை காசு என்று சொல்வது போல, பூட்டிய நிலையிலேயே எல்லாவற்றையும் கூட்டி, மொத்தத்தை மட்டும் திறக்கிறார்கள். திறக்கும் சாவி ஒருவர் கையில் இருக்காது, பலருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும். என் கணினி என்னை ஏமாற்றுகிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. பூட்டிய பிறகு, அனுப்புவதற்கு முன், "இதைத் திறந்து காட்டு" என்று கேட்கலாம். திறந்த ஓட்டு செல்லாது, புதிதாகப் போட வேண்டும். எப்போது கேட்பேன் என்று கணினிக்குத் தெரியாததால் அது துணிந்து ஏமாற்ற முடியாது.

இதிலும் வழுக்கும் இடம் உண்டு. குறியாக்கவியலாளர்களின் உலக அமைப்பான ஐஏசிஆர் 2010 முதல் ஹீலியோஸில்தான் தேர்தல் நடத்துகிறது. 2025இல் சாவியை மூவருக்குப் பிரித்துக் கொடுத்து, மூவரும் வந்தால்தான் திறக்கும் என்று வைத்திருந்தார்கள். ஒருவர் தன் சாவியைத் தொலைத்துவிட்டார். முடிவையே திறக்க முடியாமல் தேர்தலைத் திரும்ப நடத்த வேண்டியதாயிற்று. உலகத்திலேயே இதில் கரைகண்டவர்களுக்கே இந்த நிலை. பிறகு மூவரில் இருவர் போதும் என்று மாற்றிக்கொண்டார்கள். பக்கத்தில் ஆள் நின்று கட்டாயப்படுத்தினால் ஹீலியோஸாலும் காப்பாற்ற முடியாது. அதை உருவாக்கியவர்களே அப்படிக் கட்டாயப்படுத்த வாய்ப்புள்ள தேர்தல்களுக்கு இதை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

இனி நான் உட்கார்ந்து பார்த்த மின்னணு வாக்கு இயந்திரம். விடியற்காலை 5.30 மணி, பள்ளிக்கூட வகுப்பறை, ட்யூப்லைட் வெளிச்சம். ஏஜென்ட்கள் தூக்கக் கலக்கத்தில் வந்து உட்காருவார்கள். மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டு போட்டுக் காட்ட வேண்டும். போட்டு, எண்ணி, விவிபேட் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டுகளையும் கொட்டி எண்ணி, இரண்டும் பொருந்துகிறது என்று அவர்கள் தலையாட்டிய பிறகு எல்லாவற்றையும் அழிப்போம். அந்தச் சீட்டுகளின் பின்னால் முத்திரை குத்திக் கருப்பு உறையில் போட்டு மூடுவோம். முடிவுப் பகுதியை மூடும் பச்சைத் தாள் முத்திரையில் ஏஜென்ட்கள் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு தடவை ஒரு வயதான ஏஜென்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த முத்திரையின் வரிசை எண்ணைத் தன் டைரியில் இரண்டு முறை எழுதி ஒப்பிட்டுப் பார்த்தார். ஹேஷ் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. அவர் செய்தது அதைத்தான். மாலையில் மொத்த ஓட்டு எண்ணிக்கையோடு 17சி படிவ நகலை வாங்கி மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினார்.

இயந்திரத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு இயந்திரம் தவறான கையில் கிடைத்தால் என்னென்ன செய்யலாம் என்று ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன் முதலிய ஆய்வாளர்கள் 2010இலேயே காட்டினார்கள். 2013இல் விவிபேட் வந்த பிறகுதான் கண்ணாடி வழியே 7 விநாடி சீட்டைப் பார்க்க முடிந்தது. ஆனால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளின் சீட்டுகளைத்தான் எண்ணுகிறார்கள். முழுவதையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வெற்றி வித்தியாசம் குறையக் குறைய எண்ணும் சீட்டுகளைக் கூட்டுவது நல்லது என்று நான் நினைக்கிறேன். காகிதம் கையில் இருக்கிறது, எண்ணினால் போதும். ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009 மார்ச்சில் அங்கே பயன்படுத்திய வாக்கு இயந்திரங்களைச் செல்லாது என்றது. சிறப்பு அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனாலும் தேர்தலின் முக்கியப் படிகளைச் சோதிக்க முடிய வேண்டும் என்பது காரணம். டைரியில் எண் எழுதிய பெரியவருக்குப் பிளாக்செயினில் என்ன வேலை இருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பார்த்தவர்கள் சொல்வதை நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் சட்டமன்றம், மக்களவை, உள்ளாட்சி என்று ஆட்சியைத் தீர்மானிக்கும் எதற்கும் மறைப்பும் காகிதமும் போக வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கள் சங்கத் தேர்தலுக்கு நிலைமை வேறு. பதவிக்குச் சம்பளம் இல்லை, ஓட்டுக்குக் காசு கொடுக்க யாரும் வரப்போவதில்லை, தோற்றவரும் ஜெயித்தவரும் அன்று இரவு ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். இங்கே ஆபத்து எண்ணிக்கையில் குளறுபடி வந்துவிட்டது என்ற பேச்சுதான். தபால் ஓட்டும் யோசித்தோம். துபாய்க்குப் போன உறை திரும்பி வருவதற்குள் பதவிக்காலம் பாதி முடிந்துவிடும். ஹீலியோஸ் வகையைத் தேர்ந்தெடுத்தேன். ஆண்டுவிழாவுக்கு நேரில் வருபவர்கள் காகிதத்தில், மறைப்புக்குப் பின்னால் போடலாம். காகிதத்தில் போட்டால் இணைய ஓட்டு நீங்கிவிடும்.

செயற்குழுவில் அந்த நண்பர் விடவில்லை. "பலகையையே அட்மின் மாத்திட்டா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பிளாக்செயின் உண்மையிலேயே உதவக்கூடிய ஒரே இடம் அதுதான், ஆனால் அதற்கும் சங்கிலி தேவைப்படவில்லை. பிட்காயினுக்கு வெகு முன்பே, 1995இலிருந்து, ஷூரட்டி என்ற அமெரிக்க நிறுவனம் தன் ஆவணப் பதிவுகளின் ஹேஷை வாரம் ஒருமுறை நியூயார்க் டைம்ஸ் விளம்பரப் பகுதியில் அச்சிட்டு வந்தது. வெளியான பேப்பரை எல்லார் வீட்டிலும் போய்த் திருத்த யாரால் முடியும்? நாங்களும் தேர்தல் நடக்கும் மூன்று நாளும் இரவு 9 மணிக்குப் பலகையின் 64 எழுத்து ஹேஷை எல்லா பேட்ச் வாட்ஸ்அப் குழுக்களிலும் போடுகிறோம். 1987 பேட்ச் குழுவில் விழுந்த செய்தியை யாருக்கும் தெரியாமல் அழிக்க முடியாது, அடுத்த நிமிடமே பத்துப் பேர் அதற்கு வணக்கம் சொல்லியிருப்பார்கள்.

சாவி ஐந்து பேரிடம். இரண்டு அணிகளிலிருந்தும் தலா இருவர், ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர். மூவர் வந்தால் திறக்கும். ஒவ்வொருவரும் தன் சாவியை இரண்டு பென்டிரைவில் ஏற்றி, ஒன்றைத் தன்னிடமும் மற்றொன்றை மூடி முத்திரையிட்ட உறையில் வங்கி லாக்கரிலும் வைக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு மாதிரித் தேர்தல், 50 ஓட்டு. அன்றைக்கு ஆய்வகத்தில் துண்டுச் சீட்டு வாங்கிய 12 பேரில் நால்வர் இதை உடைத்துப் பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் யாருக்குப் போட்டார் என்று ஒரே ஒரு ஓட்டையாவது அவர்கள் சரியாகச் சொல்லிவிட்டால் தேர்தலைத் தள்ளி வைப்பதாகச் செயற்குழுவிடம் சொல்லியிருக்கிறேன்.